பங்காளி வரிசை

ஒயின் விஷயம் தெரிந்தவன் என்று நண்பர்கள் மத்தியில் எனக்கொரு பெயர் உண்டு. அந்தப் பெயரைப் பரப்பியவன் நான்தான். யார் வீட்டு விருந்திலாவது சிவப்பு ஒயின் மேசைக்கு வந்தால் எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். நானும் பாட்டிலைக் கைநீட்டித் தூரத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கி, கொஞ்சம் தாமதித்து, "பர்கண்டி" என்பேன். லேபிளில் அதுதான் பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அது போதாதென்று, "அங்கே ஒரு குடும்பத் தோட்டத்தில் வேலை பார்த்திருக்கிறேன்" என்று ஒரு வரியையும் சேர்ப்பேன். பொய்யில்லை. வேலை என்ற சொல்லைக் கொஞ்சம் தாராளமாக எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

திஜோன் நகரில் படித்துக்கொண்டிருந்த காலம் அது. செப்டம்பர் வந்தால் அந்த ஊர் மாணவர்களில் பலர் தெற்கே மலைச்சரிவுக்குப் போவார்கள். திஜோனுக்குக் கீழே சுமார் 50 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடும் ஒல்லியான சரிவு. பெயர் கோத் தோர். உலகத்தில் அதிக விலைக்குப் போகும் ஒயின்களில் பல அந்த நாடாவிலிருந்துதான் வருகின்றன. நல்ல தோட்டங்களில் இன்றும் கையால்தான் பறிக்கிறார்கள். சம்பளம், சாப்பாடு, சில இடங்களில் படுக்க இடம். அறுவடைக்கென்றே தனி ஒப்பந்தம் இருக்கிறது. அதிகபட்சம் ஒரு மாதம். என் பணப்பை அப்போது இருந்த நிலையில் அந்த ஒரு மாதம் மிகப் பெரிதாகத் தெரிந்தது.

தொலைபேசியில் என்னைப் பேட்டி எடுத்தது அந்த வீட்டு மருமகள். "முன் அனுபவம் உண்டா?" என்று கேட்டார். "என் தாத்தாவுக்குப் பாகூரில் நஞ்சை இருந்தது, மதாம். விவசாயம் எங்கள் ரத்தத்தில் இருக்கிறது" என்றேன். நஞ்சை இருந்தது உண்மை. தாத்தா அதைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார் என்பதும் உண்மை. மருமகள் இரண்டாவதைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பிரெஞ்சு ஒயின் தோட்டம் என்றதும் கோபுரம் வைத்த மாளிகையும் நீண்ட மரச்சாலையும் நம் மனதில் எழும். அது போர்தோ. அங்கே லாஃபித்-ரோத்ஷில்ட் போன்ற ஒரு பெயரின் கீழ் நூறு ஹெக்டேருக்கு மேல் திராட்சை இருக்கும். நான் போய் இறங்கியது வோல்நேவுக்கும் மெர்சோவுக்கும் இடையே ஒரு கல் வீட்டு வாசலில். முற்றத்தில் கொடியில் காயும் ஜீன்ஸ். கால்களை அகட்டிக் கொடி வரிசைக்கு மேலேயே ஓடும் உயரமான டிராக்டர் ஒன்று. வீட்டுக்கு அடியில் நிலவறை, அதில் 228 லிட்டர் ஓக் பீப்பாய்கள். ஒரு பீப்பாய் என்றால் 300 பாட்டில். பெரியவர், அவர் மனைவி, மகன், மருமகள், அப்போதுதான் ஒயின் படிப்பு முடித்து வந்திருந்த பேரன். முதலாளி, கணக்குப்பிள்ளை, டிரைவர், சமையல் எல்லாம் இந்த ஐந்து பேர்தான். தோட்டத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். அவர்கள் என்னால் பட்டது போதும்.

முதல் நாள் மாலையே பெரியவர் ஒரு வரைபடத்தை டிராக்டர் மேல் விரித்து எங்களைக் கூப்பிட்டார். அவர்களுடைய நிலம் மொத்தமாகப் பத்து ஹெக்டேரைத் தொடாது. ஆனால் அது பல ஊர்களில், முப்பதுக்கு மேற்பட்ட துண்டுகளாகச் சிதறிக் கிடந்தது. சில துண்டுகளுக்கு நீளம் உண்டு, அகலம் கிடையாது. நாலு வரிசை இங்கே, ஏழு வரிசை அங்கே. நடுவே வேலி இல்லை, வரப்பு இல்லை. வரிசைக் கோடியில் புல்லுக்குள் புதைந்த எல்லைக் கல் மட்டும்.

பெரியவர் அதற்கான வரலாற்றையும் சொன்னார். 1098-இல் சித்தோவில் மடம் அமைத்த துறவிகள் இந்தச் சரிவில் நிலம் சேர்த்தார்கள். எந்தப் பாத்தியில் எந்தச் சுவை வருகிறது என்று தலைமுறை தலைமுறையாகக் கவனித்து, கல்சுவர் எழுப்பிப் பிரித்தார்கள். புரட்சி வந்ததும் மடத்துச் சொத்தெல்லாம் அரசுடைமையாகி ஏலத்துக்குப் போனது. பிறகு 1804-இல் நெப்போலியனின் சிவில் சட்டம். மூத்தவனுக்கே முழுச் சொத்து என்ற பேச்சு முடிந்தது. பிள்ளைகள் எல்லோருக்கும் பங்கு. நல்ல சட்டம்தான். ஆனால் இரண்டு ஏக்கர் திராட்சையை நாலு பிள்ளைகள் பிரித்து, அவரவர் பங்கை அவரவர் பிள்ளைகள் பிரித்து, இப்படி ஐந்தாறு தலைமுறை போனால் என்னாகும்? துறவிகள் ஒரே தோட்டமாக வைத்திருந்த க்ளோ த வூழோவில் சுமார் 50 ஹெக்டேர். இன்று அதற்கு 80 பேர் அளவில் உரிமையாளர்கள். சுவர் ஒன்று, உள்ளே ஒயின் எண்பது விதம். கல்யாணம் மட்டும்தான் துண்டுகளைத் திரும்பச் சேர்க்கும். அதனால்தான் அந்த ஊர்களில் கோடு போட்டு இணைத்த இரட்டைக் குடும்பப் பெயர்கள் அவ்வளவு. ஷசாஞ்-மோன்ராஷே பக்கம் போனால் மொரே, கஞ்ஞார், கொலன் என்று திரும்பத் திரும்ப ஒரே பெயர்கள் வேறு வேறு முன்னெழுத்தோடு லேபிளில் நிற்கும். சாந்த்நோ என்று ஒரு துண்டு மெர்சோ எல்லைக்குள் இருக்கிறது. அதில் விளையும் சிவப்பு ஒயின் வோல்நே என்ற பெயரில் விற்கும்.

"எந்த வரிசை யாருடையது என்று தெரிந்துகொள்வதுதான் இங்கே பாதித் தொழில்" என்று பெரியவர் முடித்தார்.

நான் பலமாகத் தலையாட்டினேன். எனக்கா பாகப்பிரிவினை தெரியாது? புதுச்சேரிக்காரன். 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி தங்கள் சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்ட குடும்பங்கள் எங்கள் ஊரில் உண்டு. அதே 1804-ஆம் வருஷத்துச் சட்டம்தான் அவர்கள் வீட்டுச் சொத்தையும் பிரித்தது. இதைப் பெரியவரிடம் எப்போது எடுத்துவிடலாம் என்ற யோசனையிலேயே இருந்ததால், வரைபடத்தில் அவர் விரல் வைத்துக் காட்டிய இடம் ஒன்றுகூட என் மண்டையில் ஏறவில்லை.

காலையில் கையில் ஒரு வாளி, ஒரு சிறு கத்தரி. பர்கண்டியில் கொடியை உயர வளரவிடுவதில்லை. ஒரு ஹெக்டேரில் சுமார் 10,000 கொடிகள், வரிசைக்கு வரிசை ஒரு மீட்டர். கொத்துகள் முழங்காலுக்குக் கீழே தொங்கும். நிமிர்ந்தால் பழம் தெரியாது, உட்கார்ந்தால் நகர முடியாது, குனிந்தால் இடுப்பு போகும். மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்து, மூன்றிலும் தோற்றேன். பத்து மணிக்குள் இடது கை விரலை வெட்டிக்கொண்டேன். எல்லோரும் வெட்டிக்கொள்வார்கள் என்று மருமகள் ஆறுதல் சொல்லிக் கட்டுப் போட்டுவிட்டார். மதியத்துக்குள் அதே விரலை, கட்டுக்கு மேலேயே, மறுபடி வெட்டினேன். அதற்கு அவரிடம் ஆறுதல் இல்லை.

வரிசைக்கு ஒரு ஆள். முடித்தவர்கள் மறுகோடியிலிருந்து எதிரே வந்து, பிந்தியவருக்குக் கைகொடுப்பது வழக்கம். என் எதிரே தினமும் வந்தவர் ஒரு பாட்டி. பல வருஷங்களாக அந்த வீட்டுக்கு அறுவடைக்கு வருபவர். அவர் தன் வரிசையை முடித்து, ஒரு சிகரெட் பிடித்து, என் வரிசையில் முக்கால் பாகத்தையும் முடித்துவிட்டு என்னைச் சந்திப்பார். "நீ நன்றாக யோசிக்கிறாய் என்று நினைக்கிறேன்" என்றார் ஒருமுறை. பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இரண்டு நாள் மகிழ்ச்சியாக இருந்தேன்.

என் வாளியின் தரமும் பேசப்பட்டது. கொடியின் மேல்பகுதியில், முதல் காய்ப்புக்குப் பின் தாமதமாகப் பூத்த சின்னஞ்சிறு கொத்துகள் இருக்கும். பார்க்க அழகு, வாயில் போட்டால் புளி. அவற்றைத் தொடக்கூடாது என்பது முதல் பாடம். எனக்கு மனசு வரவில்லை. சோற்றுப் பருக்கையைக் கீழே சிந்தினால் அடி விழும் வீட்டில் வளர்ந்தவன், காய்த்த கொத்தை எப்படி விட்டுவிட்டுப் போவான்? ஒன்றுவிடாமல் பறித்தேன். கொட்டகையில் ஓடும் பட்டைமேல் பழத்தைப் பரப்பிக் குப்பை பொறுக்குகிறவர்கள், பச்சைக் கொத்துகள் கூட்டமாக வரும்போதெல்லாம் என் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார்கள். அழுகல் பிடித்த கொத்துகளையும் நான் அன்போடு சேர்த்திருந்தேன் என்பது பிறகு தெரிந்தது.

இந்த நிலையில் நான் பதவி உயர்வு கேட்டேன். இதை நினைத்தால் இன்றும் காது சூடாகும். முதுகில் கூடை சுமக்கும் ஆட்களுக்குத்தான் அங்கே மரியாதை. வரிசைகளுக்குள் புகுந்து, எல்லோருடைய வாளியையும் தன் முதுகுக் கூடையில் வாங்கி, டிரெய்லரில் சாய்த்த ஏணியில் ஏறி, தோளைச் சாய்த்து ஒரே வீச்சில் கவிழ்க்க வேண்டும். குனிய வேண்டியதில்லை என்பதுதான் என்னைக் கவர்ந்தது. பேரன் தயங்கினான். நான் மறுபடியும் ரத்தத்தில் இருக்கும் விவசாயத்தைப் பேசினேன். கூடை நிறைந்தபோது கிட்டத்தட்ட என் எடையே முதுகில் இருந்தது. ஏணியில் ஏறிவிட்டேன், அதைச் சாதனையாகக் குறித்துக்கொள்ள வேண்டும். தோளைச் சாய்த்தபோது கூடை கவிழ்ந்தது. கூடவே நானும் கவிழ்ந்தேன். பினோ நுவார் திராட்சை பட்ட சட்டையை எதைப் போட்டுத் துவைத்தாலும் கறை போகாது. பெரியவரின் மனைவி அன்று மாலை எதுவும் பேசாமல் தன் நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதினார்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய மாமியார் தொடங்கி வைத்தது. ஒவ்வொரு வருஷமும் எந்தத் தேதியில் எந்தத் துண்டில் அறுவடை, காற்று எந்தப் பக்கம், மழையா வெயிலா, எல்லாம் அதில் இருக்கும். அந்தப் பக்கத்தில் இந்த வழக்கம் மிகப் பழையது. பக்கத்து நகரமான போன்-இன் அறுவடைத் தேதிகளை 1354-ஆம் ஆண்டு முதல் ஆராய்ச்சியாளர்கள் கோத்தெடுத்திருக்கிறார்கள். திராட்சை எப்போது பழுத்தது என்பதை வைத்து அந்த வருஷத்துக் கோடை எப்படி இருந்தது என்று கணக்கிட முடியுமாம். 1988-க்குப் பிறகு அறுவடை, அதற்கு முந்தைய நூற்றாண்டுகளின் சராசரியைவிடப் பதின்மூன்று நாள் முந்திவிட்டது என்பது அந்தப் பட்டியலின் கணக்கு. அவ்வளவு கனமான ஒரு மரபில் அன்றைய பதிவு: "வெயில். வடகாற்று. இந்தியப் பையன் டிரெய்லருக்குள் விழுந்தான்."

அதற்குப் பிறகு என்னை யாருக்கும் இடைஞ்சல் இல்லாத ஓரத்தில் போட்டார்கள். கூடைக்காரர் என் பக்கம் வரத் தேவையில்லாதபடி, கோடியில் பிளாஸ்டிக் பெட்டிகளை அடுக்கி, "நீயே நிரப்பிக்கொள்" என்றார்கள். நான் இதை நம்பிக்கையின் அடையாளமாக எடுத்துக்கொண்டேன்.

அந்தக் காலை மூடுபனி. சரிவில் ஒரு துண்டு. என் வரிசையை முடித்து நிமிர்ந்தால், ஆச்சரியம்: பக்கத்தில் யாரும் இல்லை. எல்லோரையும் முந்திவிட்டேன்! உடம்பெல்லாம் ஒரு புல்லரிப்பு. கடைசியில் கை பழகிவிட்டது, பாகூர் ரத்தம் வேலை செய்கிறது என்று அடுத்த வரிசைக்குள் நுழைந்தேன். அதையும் முடித்தேன். எதிரே சிகரெட் பாட்டி வரவில்லை. பாவம், வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது வரிசையில் இருக்கும்போது, பனிக்குள் கேட்ட குரல்களைப் பார்த்து, "கொஞ்சம் சுறுசுறுப்பாகப் பறியுங்கள்!" என்று கூவினேன். அப்படிக் கூவவேண்டும் என்று பல நாளாக ஆசை.

பனி விலகியது. எங்கள் ஆட்கள் பத்துப் பதினைந்து வரிசை தள்ளி அந்தப் பக்கம் இருந்தார்கள். இந்தப் பக்கம், பாதையோரம், ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவருக்கு எங்கள் பெரியவரின் மூக்கு, பெரியவரின் நடை, பெரியவரின் தொப்பி. பெரியப்பா மகன். பங்காளி.

இரண்டு பேரின் தாத்தா விட்டுப்போன துண்டு அது. சரிவின் நடுப்பகுதிதான் இங்கே தங்கம். மேலே மண் கம்மி, கீழே ஈரம் அதிகம். முப்பது மீட்டர் இறங்கினால் ஒயினின் தகுதியும் விலையும் இறங்கிவிடும். அதனால் குறுக்கே பிரிக்காமல் நெடுக்காகப் பிரித்து, ஆளுக்குச் சில வரிசை என்று நோட்டரி முன்னால் சீட்டுப் போட்டார்கள். பழைய கொடிகள் இருந்த வரிசைகள் பெரியப்பா வீட்டுக்குப் போயின. அந்தச் சீட்டு ஒழுங்காகப் போடப்படவில்லை என்பது எங்கள் தரப்பின் கருத்து. நான் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது இரு தரப்பும் பேச்சை நிறுத்தி முப்பது வருஷம் இருக்கும். நான் அந்தப் பழைய கொடிகளைத்தான் மொட்டையடித்திருந்தேன்.

விஷயம் அதோடு நிற்கவில்லை. எங்கள் வீட்டார் சில வருஷம் முன்புதான் ரசாயனம் இல்லாத இயற்கை முறைக்கு மாறியிருந்தார்கள். திராட்சைக்கு அந்தச் சான்றிதழ் கிடைக்க மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். பங்காளி மருந்தடிப்பவர். அவருடைய பழம் எங்கள் தொட்டிக்குள் விழுந்தால் சான்றிதழ் கேள்விக்குறி. பேரன் ஓடிவந்து பெட்டிகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். பெட்டிகள் இன்னும் வண்டி ஏறவில்லை என்று தெரிந்ததும் கீழே உட்கார்ந்துவிட்டான். என்னைக் கூடைக்காரர்களிடமிருந்து தள்ளி வைத்ததில் அவர்களுக்குக் கிடைத்த ஒரே நன்மை அதுதான்.

பெரியவரும் வந்தார். இரண்டு பேரும் கைக்கெட்டும் தூரத்தில் நின்றார்கள். நடுவில் மருமகள்.

"இந்தப் பழம் என்னுடையது என்று அவரிடம் சொல்லுங்கள்" என்றார் பங்காளி.

"யாரும் மறுக்கவில்லை என்று சொல்" என்றார் பெரியவர்.

"என் கொட்டகைக்கு வந்தாக வேண்டும் என்று சொல்லுங்கள்."

"வரும் என்று சொல்."

"பறித்தவனே சுமந்துகொண்டு வரவேண்டும் என்று சொல்லுங்கள்."

மருமகள் எதையும் திருப்பிச் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் மாறி மாறித் தலையை மட்டும் திருப்பினார். எங்கள் ஊரில் மாமாவும் சித்தப்பாவும் இதே போலப் பேச நான் கேட்டிருக்கிறேன். நடுவில் நின்றது அப்போதும் ஒரு மருமகள்தான். இங்கே எனக்கு ஒரே வித்தியாசம், சண்டைக்குக் காரணமாக நானே இருந்தேன் என்பது.

சுமந்தேன். பங்காளி வீட்டுக் கொட்டகையில் என் பெட்டிகளை ஒவ்வொன்றாக மேசைமேல் கவிழ்த்தார்கள். அவர் ஒரு கொத்தை எடுத்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். மூன்றாவதை வாயில் போட்டு முகத்தைச் சுளித்தார். அவருடைய வரிசைகளிலும் நான் புளிப்புக் கொத்துகளை ஒன்றுவிடாமல் பறித்திருந்தேன். எனக்கு இதில் பாரபட்சம் கிடையாது. அவர் நெடுநேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு மருமகளிடம், "இவனுக்குச் சம்பளம் கொடுக்கிறவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது என்று சொல்லுங்கள்" என்றார். முப்பது வருஷத்தில் அந்த வீட்டிலிருந்து இந்த வீட்டுக்கு வந்த முதல் அனுதாபம் அது. பெரியவரிடம் சேர்ப்பித்தபோது அவர், "அதுவாவது அவனுக்குப் புரிந்ததே" என்றார். இதனால் சமாதானம் ஏற்பட்டது என்று நினைத்துவிட வேண்டாம். மறுநாளே எல்லைக் கல்லில் சிவப்புப் பெயின்ட் அடிப்பது யார் செலவு என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

நிலவறையிலும் எனக்கொரு பங்கு இருந்தது. சினிமாவில் பார்த்த மாதிரி தொட்டிக்குள் இறங்கித் திராட்சையை மிதிக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். பேரன் ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தித் தொட்டிப் பக்கம் தாழ்த்திக் காட்டினான். பட்டென்று அணைந்தது. சாறு நுரைக்கும்போது கரியமிலவாயு வெளிப்பட்டுக் கீழே தேங்கும். கவனமில்லாமல் இறங்கி மூச்சுத் திணறிச் செத்தவர்கள் உண்டு. உனக்கு ஏணியே சரிவரவில்லையே என்பதை அவன் வாயால் சொல்லவில்லை.

அதற்குப் பதிலாகப் பெரியவர் முந்தைய வருஷத்து ஒயினை ருசி பார்க்கக் கூப்பிட்டார். பீப்பாயிலிருந்து கண்ணாடிக் குழாயில் உறிஞ்சி ஆளுக்கொரு சொட்டு. வாயில் உருட்டி, காற்றை உள்ளிழுத்து, பிறகு தரையிலுள்ள சரளையில் துப்ப வேண்டும். அவர்கள் துப்புவதைப் பார்க்க வேண்டும். ஒல்லியான நேர்க்கோடு, சத்தமில்லை, சிதறல் இல்லை. நான் யார்? வெற்றிலைச் சாற்றைத் திண்ணையில் உட்கார்ந்தபடியே தெருவோரச் சாக்கடைக்குக் குறி தவறாமல் அனுப்பிய மனிதரின் பேரன். நம்பிக்கையோடு துப்பினேன். பாதி என் தாடையில் வழிந்தது, மீதி பெரியவரின் காலணியில். அடுத்த பீப்பாயிலிருந்து பயத்தில் எல்லாவற்றையும் விழுங்கினேன். அதற்கு முன் நான் குடித்துப் பழகியவனில்லை. வாரக் கடைசியில் பக்கத்து மாவட்டங்களே வந்து குடித்துவிட்டுப் போகும் ஊரில் பிறந்து, ஒரு சொட்டுத் தொடாமல் வளர்ந்த உத்தமன். ஏழெட்டுப் பீப்பாய்க்குப் பிறகு எது வோல்நே, எது மெர்சோ என்று கேட்டார்கள். ஒன்று சிவப்பு, இன்னொன்று வெள்ளை. அதையும் தவறாகச் சொன்னேன்.

அறுவடை முடிந்த இரவு விருந்துக்குப் போலே என்று பெயர். மெர்சோவில் நவம்பரில் நடக்கும் பெரிய போலே உலகப் புகழ். போன் தர்மமருத்துவமனையின் ஒயின் ஏலத்துக்கு மறுநாள், ஆளுக்கொரு பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார்கள். 1923-இல் லாஃபோன் குடும்பத்துப் பிரபு ஒருவர் அதைத் தொடங்கினார். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் பறித்தவர்களுக்கென்று சொந்தப் போலே உண்டு. நீண்ட மேசை, முதலாளியும் கூலியும் கலந்து உட்கார்வார்கள். நான் மாட்டிறைச்சி சாப்பிடமாட்டேன் என்று சொல்லியிருந்ததால் பெரியவரின் மனைவி எனக்கென்று தனியாகச் சிவப்பு ஒயினில் வேகவைத்த முட்டை செய்திருந்தார். ஒயினுக்குள் மிதந்தவை பன்றிக் கொழுப்புத் துண்டுகள் என்பதை இரண்டாம் தட்டு முடியும்போது பேரன் சொன்னான். மூன்றாம் தட்டு கேட்டேன். பிறகு எல்லோரும் 'லா லா லா' என்று பாடி, இரண்டு கைகளையும் உயர்த்திப் பல்பு மாட்டுவது போலத் திருப்பினார்கள். அந்தப் பாட்டுக்கு வேறு வார்த்தையே இல்லை. அதிலும் நான் தாளம் தப்பினேன். பெரியவரின் மனைவி நோட்டை எடுத்தார்.

இப்போது தோட்டத்தைப் பேரன்தான் பார்க்கிறான். பெரியவர் இருந்தவரை அவருக்கிருந்த கவலை வானிலையோ பங்காளியோ அல்ல, வரி. அங்கே தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வரும் சொத்துக்கும் வாரிசு வரி உண்டு. தொகை ஏற ஏற விகிதம் 5-லிருந்து 45 சதவீதம் வரை போகும். ஒயின் விற்று வரும் வருமானம் ஒரு குடும்பம் கௌரவமாக வாழ்வதற்குரியது. நிலத்தின் விலையோ பெரும் பணக்காரர்கள் போட்டியிட்டு ஏற்றிவிட்டது. நிலத்தை விற்றால் கோடீஸ்வரர்கள், உழுதால் கடன்காரர்கள். 1932 முதல் மொம்மெசான் குடும்பம் வைத்திருந்த க்ளோ த தார், ஏழரை ஹெக்டேர், 2017-இல் பிரான்சுவா பினோ கைக்குப் போனது. குச்சி (Gucci) கைப்பைகளை விற்கும் குழுமத்தை உருவாக்கியவர் அவர். துறவினிகள், புரட்சிக் காலத்தில் வாங்கிய குடும்பம், மொம்மெசான்கள் என்று 1141 முதல் மூன்றே கை மாறிய தோட்டம் அது. அதே வருஷம்தான் செத்ரிக் க்ளாபிஷ் இந்தப் பகுதியிலேயே ஒரு படம் எடுத்து வெளியிட்டார்: தகப்பன் சாகிறார், மூன்று பிள்ளைகள், ஒரு தோட்டம், வரி கட்டப் பணமில்லை. திரையரங்கில் எல்லோரும் குடும்பப் பாசத்தைப் பார்த்துக் கண்கலங்கிக்கொண்டிருந்தபோது, நான் எந்த வரிசை யாருடையது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியவர் கடைசி வருஷங்களில் நிலத்தையெல்லாம் ஒரு குடும்ப நிறுவனமாக்கி, பங்குப் பத்திரங்களாகப் பிள்ளைகள் பேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொடுத்துவிட்டார். வரிசை வரிசையாக வெட்டாமல் காப்பாற்ற இப்போது பலர் செய்வது அதைத்தான். பேரனுக்கு ஒரு தங்கை இருக்கிறாள், பாரிஸில் வக்கீல். பங்கு சரிபாதி. அவளுக்குத் தோட்டத்தில் ஆர்வமில்லை என்பது இப்போதைக்கு எல்லோருக்கும் நிம்மதி.

போன வருஷம் ஆகஸ்டில் பேரனிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆள் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது, திஜோனில் படிக்கும் உங்கள் ஊர்ப் பிள்ளைகள் யாராவது இருந்தால் அனுப்பு, கை வேகமும் கண் பார்வையும் உள்ளவர்களாக இருக்கட்டும் என்று எழுதியிருந்தான். நானும் பாரிஸில்தானே இருக்கிறேன், ரயிலேறினால் இரண்டு மணி நேரம், ஒரு வாரம் விடுமுறை போட்டு வரட்டுமா என்று கேட்டேன். பதில் ஐந்து நிமிஷத்தில் வந்தது.

"அவசியம் வா. போலே சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு. அதற்கு முன்னால் வராதே."